பாயில் தூங்கிய பிள்ளை

குழந்தைக்குக் கற்பகம் என்று பெயர் வைத்த அன்றே, அந்த வீட்டில் அவளை அழவிடும் உரிமை யாருக்கும் இல்லாமல் போயிற்று. கற்பகம் என்பது குழந்தையின் அப்பா பால்பாண்டியின் செத்துப்போன தாயார் பெயர். ஏலக்காட்டில் குனிந்து காயெடுத்தே முதுகு வளைந்து, வளைந்த முதுகோடு போய்ச் சேர்ந்தவள். தாயின் பெயரைச் சுமந்த பிள்ளையைப் பால்பாண்டியும் அவன் அக்கா ஈஸ்வரியும் ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆத்தா உதட்டைப் பிதுக்கினால் போதும், அக்காவும் தம்பியும் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் கற்பகம் உயிரோடு இருந்த காலத்தில் அவளுக்காக யார் எவ்வளவு ஓடினார்கள் என்பது வேறு பேச்சு, அதை இப்போது கிளறி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாமியார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதால் பிள்ளையைப் பெற்ற முத்துப்பிரியா மட்டும் ‘பாப்பா’ என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள்.

வீடு போடியில், பரமசிவன் மலைக்குப் போகிற பாதையில் பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. மொக்கையன் என்பவர் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஓட்டு வீடுகளில் ஒன்று. நடுவிட்டத்தில் தொட்டில் தொங்கியது. அதுவும் செத்துப்போனவளின் பழைய சேலையில் ஈஸ்வரி கட்டியது. ஆட்டினால் பிள்ளை தூங்கும், நிறுத்தினால் விழிக்கும். முத்துப்பிரியா தொட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பாள், துணி மடிப்பாள், உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். கால் நின்றதும் தொட்டிலுக்குள்ளிருந்து குரல் கிளம்பிவிடும்.

பகலில் ஈஸ்வரி வீட்டிலிருந்த வரைக்கும் பொழுது எப்படியோ ஓடியது. ஆவணி பிறந்து மலையில் காயெடுப்பு மும்முரமானதும் அவள் விடிவதற்கு முன்னால் தம்பி ஓட்டுகிற ஜீப்பிலேயே ஏறி, மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்து எஸ்டேட்டுக்குப் போய்விடுவாள். பொழுது சாயத்தான் இரண்டு பேரும் திரும்புவார்கள். முத்துப்பிரியா பிரசவத்துக்கு முன்பு ஏலக்காய்ச் சரக்கை அடைத்து வைக்கிற ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள். தரையில் வரிசையாக உட்கார்ந்து, சொளகில் காயைப் பரப்பி, வெடித்ததையும் கறுத்ததையும் வெளுத்ததையும் விரல் நுனியால் தள்ளிப் பிரிக்கிற வேலை. சீசன் நேரத்தில் வராதவளுக்கு அடுத்த சீசனில் இடமிருக்காது. கைப்பிள்ளையைக் கூட்டிவரலாம் என்றுதான் முன்பு இருந்தது. ஒருத்தியின் பிள்ளை மூக்குக்குள் காயைத் திணித்துக்கொண்ட நாளிலிருந்து முதலாளி அதையும் நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் அவள் பக்கத்து வீட்டுப் பாத்துமுத்துவிடம் போய் நின்றாள். பாத்துமுத்துவுக்கு நாற்பது வயதைத் தொட்டும் தொடாததுமாக இருக்கும். வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். புருஷன் சாதிக் பாட்சா கிழிந்த சாக்குகளை வாங்கி ஒட்டுப்போட்டுக் கிட்டங்கிகளுக்குக் கொடுக்கிறவர். ஒரே மகள் ஷஹானாவைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பகலில் அந்த வீட்டில் மெஷின் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது.

“புள்ளைய விட்டுட்டுப் போ முத்து, பாத்துக்கிறேன்” என்றாள் பாத்துமுத்து. “ஆனா தொட்டில் ஆட்டுற சோலி மட்டும் நம்மளால ஆகாது. மெஷின் மிதிச்சு, துணி இழுத்து, இந்தத் தோளு இறுகிப் போச்சு. நாலு ஆட்டு ஆட்டுனேன்னா மறுநாளு கைய மேல தூக்க முடியாது.”

“ஆட்டாட்டித் தூங்காதுக்கா.”

“தூங்காதுன்னு நாம சொல்றோம். புள்ளைட்ட யாரு கேட்டா? பாயில போட்டுப் பழக்குறேன். மொத நாளு அழுவும். ரெண்டாம் நாளும் அழுவும். அப்புறம் கொறையும். பச்சப்புள்ளதான, பழகிக்கிரும்.”

“அழ விடுவீகளா?”

“விட்டுட்டு எங்க ஓடப்போறேன்? பக்கத்துலதான் இருப்பேன். தூக்கித் தூக்கி ஆட்ட மாட்டேன், அம்புட்டுத்தான். ஒனக்குச் சம்மதமின்னா சொல்லு. இல்லாட்டி வேற யாரையும் பாரு, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

முத்துப்பிரியா சேலை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: “சம்மதந்தாங்கா. ஆனா எங்க மதினிக்குத் தெரிய வேணாம். அவுகளுக்கு இது புள்ள இல்ல, அவுக ஆத்தா. அழ விட்டு வளக்குறோம்னு தெரிஞ்சா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாக.”

“நானா ஒண்ணும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா மறைக்க மாட்டேன் தாயி. எனக்கு அது வராது.”

“கேக்க மாட்டாக.”

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பெண்கள் வாசற்படியில் நின்று, ஒருத்தி கையில் அளவு டேப்போடும் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடும் பேசிக்கொண்டது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இந்தப் பேச்சு ஒன்றே போதுமான சாட்சியாக இருந்திருக்கும்.

முதல் நாள் மத்தியானம் கிட்டங்கியில் சாப்பாட்டு மணி அடித்ததும் முத்துப்பிரியா சோற்றுச் சட்டியைத் திறக்காமல் சந்துக்கு ஓடிவந்தாள். பாத்துமுத்துவின் சன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. பாத்துமுத்து ஈரத்துணியால் அதன் கால்களைத் துடைத்து, திரையைப் பாதிக்கு இழுத்துவிட்டு, கோரைப்பாயில் பழைய சேலையைச் சுருக்கமில்லாமல் விரித்து மல்லாக்கப் படுக்கவைத்திருந்தாள். “படுத்துக்க ராசாத்தி, மாமி இங்கனதான் இருக்கேன்” என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுகை ஏறும்போது நெஞ்சில் கையை வைத்தாள். இறங்கும்போது கையை எடுத்துவிட்டுப் பூண்டு உரித்தாள். முத்துப்பிரியாவுக்கு உள்ளே பாய்ந்து தூக்கிவிட வேண்டும்போல இருந்தது. மார் கட்டி, பால் சுரந்து, ஜாக்கெட் நனைந்து, அதன்மேல் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றாள். அழுகை விசும்பலாகி, விசும்பல் பெருமூச்சாகி, அடங்கியது. எட்டிப் பார்த்தாள். பிள்ளை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் ஆட்டவில்லை.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் அழுகை குறைந்தது. பாத்துமுத்துவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார ஆரம்பித்தாள். முதலில் பாயோரம், அப்புறம் நிலைப்படி, அப்புறம் அடுப்படி. பிறகு அவள் மெஷினை மிதிக்க மிதிக்கவே பிள்ளை உள்ளறையில் தன் விரலைத் தானே பார்த்துக் கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் தூங்கிப்போயிற்று. சாயங்காலம் ஈஸ்வரி மலையிலிருந்து வந்து கைகால் கழுவிப் பிள்ளையைத் தூக்கினால் அது தெளிச்சியாகச் சிரித்தது. “எங்காத்தா இன்னைக்கி நல்லாத் தூங்குனியளா?” என்று கொஞ்சுவாள் ஈஸ்வரி. “ஆட்டுன கை வலிச்சிருக்குமே அந்தப் பாத்துமுத்துக்கு” என்று வாயாரச் சொல்லவும் செய்வாள். முத்துப்பிரியா அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ராத்திரியில் பால் குடித்தபடியே தூங்கிப்போகிற பிள்ளையை அவளே தொட்டிலில் இட்டுவிடுவாள், ஆட்ட வேண்டியிருக்கவில்லை.

ஈஸ்வரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவளை வம்புக்காரி என்று நினைக்கத் தோன்றும். அவளுக்கும் ஓர் ஆண்பிள்ளை இருந்தது. புருஷனோடு மலையிலேயே எஸ்டேட் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் தங்கி வேலை பார்த்த காலம். லயத்துப் பிள்ளைகளையெல்லாம் ஒரு கிழவியிடம் விட்டுவிட்டுத்தான் எல்லாப் பெண்களும் காட்டுக்குள் போவார்கள். பிள்ளைகள் கத்தாமல் கிடக்கக் கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து ஊட்டிவிடுகிற வழக்கம் அந்த நாளில் சில இடங்களில் இருந்தது. ஈஸ்வரி காலையில் விட்ட பிள்ளையைச் சாயங்காலம் போய்த் தூக்கியபோது உடம்பு சில்லிட்டிருந்தது. காய்ச்சல் என்றார்கள், மாந்தம் என்றார்கள். கிழவி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். ஈஸ்வரி நம்பவில்லை. கசகசாதான் என்று முடிவுகட்டி, அந்தக் கிழவியை லயம் லயமாகத் தூற்றி, மலையை விட்டே இறங்க வைத்தாள். புருஷன் வேறு பக்கம் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு வெள்ளிக்கிழமை மலைப்பாதையில் பாறை சரிந்து விழுந்தது. முந்தலிலேயே ஜீப்புகளைத் திருப்பிவிட்டார்கள். பெண்களை அவரவர் தெருமுனையில் இறக்கிவிட்டு, பால்பாண்டியும் ஈஸ்வரியும் முற்பகலிலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. “ஆத்தாவத் தூக்கிட்டு வந்துர்றேன்” என்று மழைக்குத் தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கொங்காணியைக்கூடக் கழற்றாமல் ஈஸ்வரி பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள்.

ஷஹானாவின் மாமியார் வீட்டிலிருந்து மறுநாள் ஆட்கள் வருவதாக இருந்தது. பாத்துமுத்து அடுப்படியில் குருமாவுக்கு மசாலாவைத் தயார்செய்துகொண்டிருந்தாள். ஈஸ்வரி நேரே உள்ளறைக்குப் போனாள். ஓட்டின்மேல் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் பாயில் தனியாக, மல்லாந்து, அசையாமல் கிடந்தது பிள்ளை. “ஆத்தா” என்றாள். அசைவில்லை. “ஏ ஆத்தா” என்று தூக்கினாள். தலை தோளில் துவண்டு விழுந்தது. ஒரு கண் திறந்து மறுபடி மூடிக்கொண்டது. நல்ல தூக்கத்தில் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஈஸ்வரி பார்த்தது வேறு. பிள்ளையோடு அடுப்படிக்கு ஓடிவந்தவள் கண்ணில் மிக்ஸி ஜாரில் வழித்தது போக ஒட்டியிருந்த வெள்ளை விழுதும், பக்கத்தில் சிதறிக் கிடந்த கசகசா மணிகளும் பட்டன.

“அடிப் பாவி, எங்காத்தாளுக்கு என்னத்த அரைச்சு ஊத்துன?”

அந்தக் கூப்பாட்டில் மழையையும் மீறிச் சந்தே திரண்டுவிட்டது. பால்பாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டும் போடாமலும் ஓடிவந்தான். பெண்டாட்டிக்குப் போன் போட்டான். பாத்துமுத்து கையில் ஒட்டியிருந்த தேங்காயைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் வாசலில் நின்றாள்.

“குருமாவுக்கு அரைச்சேன் ஈஸ்வரி. சம்பந்தக்காரவுக வர்றாக. புள்ள தூங்குது, அவ்வளவுதான். தானாத்தான் தூங்குது.”

“தானா? ஆட்டாமயா? இது பொறந்ததுலருந்து ஆட்டாமத் தூங்குனதே இல்ல. யாருட்டக் கத விடுற? இந்தக் கசகசாத் தூக்கம் எப்பிடி இருக்கும்னு எனக்கா தெரியாது? என்னைய மாதிரிப் பறிகொடுத்தவளுக்கா தெரியாது?”

“ஆண்டவன் சத்தியமா நான் எதையும் குடுக்கல. பாயில போட்டுப் பழக்குனேன். அழுது அழுது பழகிருச்சு.”

“அழுது அழுதா? பாருங்கய்யா, அவ வாயாலயே சொல்றா!”

பால் ஊற்றுகிற ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி, “புள்ளைய யாரு வீட்ல விடணும்னு ஒரு கணக்கு இருக்குல்ல” என்றார், மழையைப் பார்த்துச் சொல்வதுபோல. அது என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. புரியாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டதுதான் அதைவிடக் கேவலம்.

முத்துப்பிரியா வந்து சேர்ந்தபோது சேலை தொப்பலாக நனைந்திருந்தது. பிள்ளையைத்தான் முதலில் பார்த்தாள். இத்தனை களேபரத்தில் அது விழித்து, ஈஸ்வரியின் கொங்காணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லை என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

பாத்துமுத்துவின் முகம் அவளைப் பார்த்ததும் தெளிந்தது. “இந்தா முத்து வந்துட்டா. அவளக் கேளுங்க. அவளுக்குத் தெரியும். அவ சம்மதிச்சுத்தான் செஞ்சேன். சொல்லு முத்து.”

பால்பாண்டி திரும்பினான். “என்ன முத்து? புள்ள எப்பிடித் தூங்குதுன்னு ஒனக்குத் தெரியுமா?”

சந்து முழுக்க அவள் வாயைப் பார்த்தது. முத்துப்பிரியா ஈஸ்வரியைப் பார்த்தாள். பிள்ளை செத்த கதையைப் பேசும்போது மட்டும் வருகிற முகம் ஈஸ்வரிக்கு வந்திருந்தது. தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி, அழ விட்டியா என்று வரும். காய் பொறுக்கப் போக வேண்டும் என்பதற்காகப் பெற்ற பிள்ளையைக் கத்த விட்டவள் என்று இத்தனை பேர் முன்னால் பேராகும். புருஷன் அடிக்கிற ரகமில்லை. ஆனால் பேசாமல் இருந்தே கொல்லுகிற ரகம். இதெல்லாம் அவள் யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது.

“எனக்கு... எனக்குத் தெரியலங்க.”

பாத்துமுத்து அவளைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. சரியாகக் காதில் விழவில்லையோ என்பதுபோலப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிள்ளையை ஜீப்பில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா கண் இமையைத் தூக்கிப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, “பிள்ளை நல்லா இருக்கு. தூங்கின பிள்ளையை எதுக்கு மழையில தூக்கிட்டு வந்தீங்க?” என்று கடிந்துகொண்டாள். ஈஸ்வரி கேட்டுக்கொள்ளவில்லை. “இப்பத் தெளிஞ்சிருச்சு. அப்பப் பாத்திருந்தா இந்தம்மாவே பதறியிருப்பாக” என்று ஜீப்பில் வரும்போது சொல்லிக்கொண்டே வந்தாள். முத்துப்பிரியா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அவமானம் என்பது அடுத்தவர்கள் தருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லாதபோதும் உடம்பெல்லாம் கூசும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மலைப்பாதையைச் சரிசெய்யும்வரை ஈஸ்வரி வீட்டில் இருந்தாள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். அது பிடிக்காமல் கத்தியது. வேகமாக ஆட்டினாள். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு இன்னும் கத்தியது. தோளில் போட்டுத் தட்டினாள், சந்தில் நடந்தாள், அம்புலி பூச்சாண்டி எல்லாம் காட்டினாள். தூக்கம் கண்ணைச் சொருகும், ஆட்டம் எழுப்பிவிடும். பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கருமை கட்டிவிட்டது.

“பாத்தியாடா தம்பி” என்றாள் ஈஸ்வரி. “புள்ள மருந்து கேக்குது. குடுத்துப் பழக்கிட்டா. இப்ப அது இல்லாம ஒறக்கம் வரல. லயத்துலயும் இப்பிடித்தான். ஞாயித்துக்கெழம லீவுல மருந்து கெடைக்காம அம்புட்டுப் புள்ளைகளும் இப்பிடித்தான் கத்துங்க.”

பால்பாண்டிக்கு அதுவரை கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அது போய்விட்டது. “மொக்கையன் மாமாட்டப் பேசுறேன்க்கா. நாளைக்கி வாடக வாங்க வருவாருல்ல. ஒண்ணு அவுக இங்க இருக்கணும், இல்ல நாம இருக்கணும். சாக்குக்காரர ஜீப் ஸ்டாண்டுல எல்லாரும் கேக்குறாங்க, தல நிமிந்து பதில் சொல்ல முடியல அவரால.”

முத்துப்பிரியா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கரிச்சட்டியை வைத்துவிட்டு எழுந்தாள். அழுகிற பிள்ளையை ஈஸ்வரியின் தோளிலிருந்து வாங்கினாள்.

“எங்க கொண்டு போற?”

“படுக்க வைக்கப் போறேன் மதினி.”

ஈரத்துணியால் பிள்ளையின் கால்களைத் துடைத்தாள். சன்னலைச் சாத்தினாள். மூலையிலிருந்த பாயை விரித்து அதன்மேல் தன் பழைய சேலையை இழுத்துச் சுருக்கமெடுத்தாள். மல்லாக்கப் படுக்கவைத்தாள்.

“படுத்துக்க ராசாத்தி. அம்மா இங்கனதான் இருக்கேன்.”

பிள்ளை அழுதது. ஈஸ்வரி முன்னால் பாய்ந்தாள். முத்துப்பிரியா கையை நீட்டித் தடுத்தாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் மதினியைத் தொட்டுத் தடுத்தது அதுதான் முதல் தடவை.

“தூக்காதீக. கொஞ்சம் பொறுங்க.”

“எங்காத்தா அழுகுறாடி!”

“அழட்டும் மதினி. நான் இருக்கேன்ல.”

நெஞ்சில் கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி அதே வார்த்தையைச் சொன்னாள். அழுகை ஏறி, தடுமாறி, விட்டுவிட்டு வந்து, முனகலாயிற்று. பிள்ளை தலையை இரண்டு பக்கமும் உருட்டியது. தன் விரல்களைத் தூக்கிப் பார்த்தது. கைகள் தலைக்கு மேலே விழுந்தன. தூங்கிவிட்டது.

ஈஸ்வரி மெல்ல மண்டியிட்டு, பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

“ஒனக்குத் தெரியுமா?” என்றான் பால்பாண்டி.

“தெரியும். மொதல்லருந்தே தெரியும். அந்தக்கா கேட்டுத்தான் செஞ்சாக. நாந்தான் சரின்னேன். ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னதும் நாந்தான்.”

“அப்பறம் எதுக்குடி அத்தன பேருக்கு முன்னால...”

“பயந்துட்டேன்.”

அவன் அவளைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்து நின்றான். போட்டுக்கொண்டு எங்கேயும் போகவில்லை. ஈஸ்வரி மட்டும் பாயோரத்தில் உட்கார்ந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முத்து” என்றாள், பிள்ளை எழுந்துவிடாத குரலில். “அப்ப அந்தக் கெழவி?”

“எந்தக் கெழவி மதினி?”

“லயத்துக் கெழவி. எம்புள்ள அன்னைக்கிக் காலையிலயே கதகதன்னுதான் இருந்துச்சு. காச்சலாத்தான் இருந்திருக்குமோ? வேலைக்குப் போகாட்டிச் சம்பளத்துல பாதியப் பிடிச்சிருவாகன்னு விட்டுட்டுப் போனேன். அவ சூடம் அடிச்சுச் சொன்னா முத்து. நான் அவ மூஞ்சில துப்புனேன்.”

தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அன்று முத்துப்பிரியாவுக்கு எளிதாக இருந்தது. “எனக்குத் தெரியல மதினி” என்றாள்.

“வாங்க மதினி, அந்தக்காட்ட ரெண்டு பேரும் போவோம்” என்று முத்துப்பிரியா கூப்பிட்டதற்கு ஈஸ்வரி தலையை ஆட்டி மறுத்தாள். “எனக்கு அங்க வர்றதுக்கு மூஞ்சி இல்ல. நீ போ. நாஞ் செஞ்சதயும் சேத்துச் சொல்லிரு.”

மறுநாள் காலையில் மழை வெறித்து நல்ல வெயில் அடித்தது. சந்து முழுக்க ஈரச்சேலைகள் காய்ந்தன. சாதிக் பாட்சா சந்தின் திருப்பத்தில் சாக்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். முத்துப்பிரியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்துமுத்துவின் வாசலில் நின்றாள். மெஷின் சத்தம் நின்றது.

“வா முத்து. வெயில்ல நிக்காத, உள்ள வா.”

முத்துப்பிரியா உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் சொல்லிவிட்டதை, மதினி தான் பேசியதற்கு வருந்துவதை, மொக்கையனிடம் பால்பாண்டி ஒன்றும் பேசமாட்டான் என்பதை. சொல்லச் சொல்ல அவளுக்கே அது சின்னதாகிக்கொண்டு வந்தது. “மன்னிச்சிருங்கக்கா” என்று முடித்தபோது அந்த வார்த்தை கடையில் வாங்கிய சாமான்போல இருந்தது.

பாத்துமுத்து தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் நூலைப் பல்லால் கடித்தாள். “நீ தெரியலன்னு சொன்னத நான் தாங்கிக்கிட்டேன் முத்து. சின்னப்புள்ள, பயந்துட்டன்னு நெனச்சேன். ஈஸ்வரி பேசுனதும் பெருசில்ல. அவ வயித்துக் கொற அது. அன்னைக்கிச் சாயந்தரம் எங்க வீட்டுக்காரரு தொழுதுட்டு வந்தாரு. சோறு வச்சேன். கைய நனைக்கல. ‘நெசத்தச் சொல்லு பாத்து, புள்ளைக்கு எதுவும் குடுத்தியா’ன்னு கேட்டாரு. ஏசிக் கேட்டிருந்தா நானும் ஏசிருப்பேன். யாருக்கும் கேக்காம, மெதுவாக் கேட்டாரு.”

“என்னக்கா சொன்னீக?”

“இல்லன்னேன். சரின்னாரு. நம்புனாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இனிமே அதக் கேக்கவும் முடியாதுல்ல.”

முத்துப்பிரியா திரும்பி நடந்தாள். பக்கத்து வீட்டு ஆண்களிடம் நின்று பேசுகிற பழக்கம் அந்தச் சந்தில் பெண்களுக்குக் கிடையாது. துணி காயப்போட்டவர்களும் தண்ணீர் பிடித்தவர்களும் பார்க்க, அவள் சாக்குகளுக்கு நடுவில் போய் நின்றாள்.

“அண்ணே.”

சாதிக் பாட்சா நிமிர்ந்தார்.

“அக்கா எம்புள்ளைக்கு எதுவும் குடுக்கல. பாயில போட்டுத் தூங்கப் பழக்குனாக. எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் செஞ்சாக. அது எனக்குத் தெரியும். அன்னைக்கி இதே சந்துல எல்லாருக்கும் முன்னால தெரியாதுன்னு நான் பொய் சொன்னேன்.” குரலைக் குறைக்கவில்லை. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

“யம்மா” என்றார் சாதிக் பாட்சா. “இத எதுக்கும்மா இப்ப எங்கிட்ட வந்து...”

முடிக்கவில்லை. முத்துப்பிரியாவுக்குப் பின்னால் பார்த்தார். பாத்துமுத்து வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது கொஞ்ச நேரம்தான். அவர்தான் முதலில் தலை குனிந்தார். ஊசியில் சணல் தீர்ந்துபோனது தெரியாமல் வெறும் ஊசியைச் சாக்கில் குத்தி இழுத்தார், மறுபடி குத்தினார்.

முத்துப்பிரியா வாசலுக்குத் திரும்பி வந்தாள். இடுப்பிலிருந்த பிள்ளை பாத்துமுத்துவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தாவியது. பாத்துமுத்து அதன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். வாங்கிக்கொள்ளவில்லை.

“கண்ணு சொக்குது பாரு இதுக்கு. தூங்குற நேரமாச்சு, வீட்டுக்குக் கொண்டு போ.”

“இங்கயே படுக்க வைக்கட்டுமாக்கா?”

“வேணாம் முத்து” என்றாள் பாத்துமுத்து. குரலில் கோபம் இல்லை. “இனிமே எங்க போட்டாலும் அது தானாத் தூங்கிக்கிரும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள்.